சாய ஒரு சுவர் வேண்டும்!

ஒரு மாடியைக் குறைத்தால் என்ன குடி முழுகிவிடும்? 1939-ன் தொடக்கத்தில், பாரிஸை ஒட்டிய பில்லான்கூர் ஸ்டூடியோவில் 'டேபிரேக்' படத்துக்குச் செட் போட்டுக்கொண்டிருந்தபோது தயாரிப்புத் தரப்புக்கு வந்த சந்தேகம் இதுதான். மரம், பிளாஸ்டர், கூலி எல்லாமே காசு. கதாநாயகன் மேல் மாடியில் இருக்கிறான், அவ்வளவுதானே கதை? அது நாலாவது மாடியாக இருந்தால் என்ன, ஐந்தாவதாக இருந்தால் என்ன?

ஆர்ட் டைரக்டர் மசியவில்லை. ஒருவனைச் சுட்டுக் கொன்றுவிட்டு அறைக்குள் கதவடைத்துக்கொண்ட தொழிலாளி அந்தக் கதாநாயகன். கீழே சதுக்கத்தில் போலீஸும் ஊர்ஜனமும் கூடி நிற்கிறார்கள். அவன் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கும்போது தெரிந்த முகங்கள் கண்ணில் பட வேண்டும். ஆனால் ஒரு கையும் அவனை எட்டக் கூடாது. தாழ்வான மாடி என்றால், இறங்கி வந்து நாலு வார்த்தை பேசிவிடலாமே என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றிவிடும். சுற்றிலும் துணைக்கு வேறு கட்டடம் இல்லாமல் குச்சி மாதிரி நிற்கும் வீட்டில், ஐந்தாவது மாடியில் இருப்பவனுக்கு அப்படி வழியில்லை. அவன் தனி ஆள் என்று சொல்ல வசனமே வேண்டாம், உயரம் போதும். மார்செல் கார்னே இயக்கி, ழாக் பிரெவேர் வசனம் எழுதிய அந்தப் படத்தின் முதல் வசனகர்த்தா என்று நான் அந்த ஆர்ட் டைரக்டரைத்தான் சொல்வேன். மிகையாக இருந்தாலும் பரவாயில்லை.

அவர் பெயர் அலெக்ஸாந்தர் ட்ரௌனர். ஹங்கேரிக்காரர். 1906-ல் புடாபெஸ்டில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஷாந்தோர். பிரான்ஸ் அதை மாற்றிக்கொடுத்தது.

'டேபிரேக்'கின் அந்த அறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு கட்டில், கணப்புக்கு மேலே ஒரு கண்ணாடி, ஒரு அலாரம் கடிகாரம், காதலியிடமிருந்து வந்த கரடிப் பொம்மை, ஒரு கனமான அலமாரி. ஏழைத் தொழிலாளியின் அறையில் இதற்கு மேல் என்ன இருக்கும்? கதாநாயகனாக நடித்த ழான் கபேன் அந்த அலமாரியைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறார். அதன் கனம் அவர் தோளில் தெரிகிறது. தீப்பெட்டி தீர்ந்துபோக, அணையப்போகும் சிகரெட்டிலிருந்தே அடுத்ததைப் பற்ற வைக்கிறார். வெளியே இருந்து குண்டு வந்து ஜன்னல் கண்ணாடியைத் துளைக்கிறது. இவர் நாற்காலியைத் தூக்கி நிலைக்கண்ணாடியில் எறிகிறார். உடைந்த கண்ணாடியில் அவர் முகம் துண்டு துண்டாகிறது.

செட்டில் அறை என்றால் வழக்கமாக மூன்று சுவர்தான். நாலாவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கேமராவும் விளக்கும் ஆட்களும் நிற்பார்கள். 'டேபிரேக்' அறையில் நாலு சுவரையும் அடைத்துவிட்டார்கள். கதவின் மேல் நிஜத் தோட்டாக்களைச் சுட்டதால் அடைத்தே வைக்க வேண்டியிருந்தது என்றும், படமெடுப்பவர்கள் மேலிருந்து ஏணி வைத்து ஏறி இறங்கினார்கள் என்றும் கார்னே பிற்பாடு எழுதினார். கபேன் அடைபட்டவர் மாதிரி நடித்தார் என்று விமர்சகர்கள் புகழ்ந்தார்கள். அவர் அடைபட்டுத்தான் இருந்தார்!

புடாபெஸ்டிலிருந்து

ட்ரௌனர் படித்தது ஓவியம். புடாபெஸ்டின் நுண்கலைக் கல்லூரியில் தூரிகை பிடித்தவர். யூதக் குடும்பம். ஹோர்த்தி ஆட்சியின் ஹங்கேரியில், பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டும் சட்டம் 1920-லேயே வந்துவிட்டது. அந்தக் காற்றில் மூச்சு விடப் பிடிக்காமல் 1929-ல் பாரிஸுக்கு வந்து சேர்ந்தார்.

அந்தக் காலத்து ஐரோப்பிய சினிமாவில் எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரு ஹங்கேரிக்காரர் திறப்பார். பெர்லினில் எர்னோ மெட்ஸ்னர் இருந்தார். பாப்ஸ்ட் இயக்கிய 'கமரட்ஷாஃப்ட்' (1931) படத்துக்காக நிலக்கரிச் சுரங்கத்தை ஸ்டூடியோவுக்குள் கட்டியவர் அவர். லண்டனில் அலெக்ஸாண்டர் கோர்டாவும் அவர் தம்பி வின்சென்ட் கோர்டாவும். மைசூர்ப் பக்கத்து யானைப்பாகன் மகன் சாபு நடித்த 'தீஃப் ஆஃப் பாக்தாத்' (1940) படத்தின் அரண்மனைகளுக்காக ஆஸ்கர் வாங்கியவர் இந்த வின்சென்ட். பாரிஸிலோ ட்ரௌனருக்குத் துணையாக இசையமைப்பாளர் ஜோசப் கோஸ்மா, புகைப்படக்காரர் பிராஸாய் என்று ஒரு பட்டாளமே இருந்தது. எல்லோரும் ஊரை விட்டு வந்தவர்கள். தெரியாத ஊரில் பிழைக்க வந்தவன் அந்த ஊரின் கதவுக் கைப்பிடியைக்கூட உற்றுப் பார்ப்பான். பாரிஸ்காரர்களை விட இவர்கள் பாரிஸைச் சரியாகச் செய்து காட்டியதன் ரகசியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ட்ரௌனர் வந்த நேரமும் நல்ல நேரம். பேசும்படம் அப்போதுதான் பிரான்ஸில் கால் வைத்திருந்தது. மௌனப் படக் காலத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போகலாம். டிராம் கத்தினாலும் நாய் குரைத்தாலும் கவலையில்லை. மைக் வந்த பிறகு அது முடியவில்லை. கேமராவின் இரைச்சலே மைக்கில் விழும் என்று அதற்குக் கூண்டு கட்டினார்கள். தெருவுக்குப் போக முடியாவிட்டால் தெரு ஸ்டூடியோவுக்குள் வர வேண்டும். ஆக, ஓவியம் படித்து வேலையில்லாமல் இருந்த இளைஞர்களுக்குத் திடீரென்று வேலை கிடைத்தது.

பாரிஸுக்கு வடக்கே எப்பினே ஸ்டூடியோவில் லாஸார் மீர்ஸோன் என்பவர் அந்த வேலையின் ராஜா. ரெனே க்ளேர் படங்களின் பாரிஸ் கூரைகளும் புகைபோக்கிகளும் அவர் கை வேலை. 'ஆ நூ லா லிபெர்த்தே' (1931) படத்தின் கிராமபோன் தொழிற்சாலைக்காக மீர்ஸோன் பெயர் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. ட்ரௌனர் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 'லா கெர்மெஸ் எரோயிக்' (1935) படத்துக்கு மீர்ஸோன் குழு ஒரு பழைய ஃப்ளாண்டர்ஸ் ஊரையே எழுப்பியபோது, ட்ரௌனரும் அங்கே சுவர் பூசிக்கொண்டிருந்தார். அந்தப் படத்தின் இயக்குநர் ழாக் ஃபெய்தேர். அவருடைய உதவி இயக்குநராக அங்கே ஓடியாடிக்கொண்டிருந்தவர்தான் மார்செல் கார்னே. பின்னாளில் பெரிய கூட்டணியாக ஆனவர்கள் பலரும் யாரோ ஒருவர் படத்தில் டீ வாங்கிக் கொடுத்தவர்கள்தான் என்பது எல்லா ஊர் சினிமாவுக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

மீர்ஸோன் லண்டனுக்குப் போனார். 1938-ல் நாற்பது வயதுகூட ஆகாமல் அங்கேயே இறந்தார். அதற்குள் சிஷ்யன் தனி ஆளாகிவிட்டிருந்தார்.

மூடுபனியும் கால்வாயும்

1938-ல் வந்த 'போர்ட் ஆஃப் ஷேடோஸ்' லெ ஆவ்ர் துறைமுகத்தில் நடக்கும் கதை. ராணுவத்திலிருந்து ஓடிவந்த ஒருவன், மூடுபனி, கடலோரமாக ஒரு பலகைச் சாராயக் கடை. அந்தக் கடைக்கு அப்புறம் உலகமே இல்லை என்பதுபோல ட்ரௌனர் அதை அமைத்திருந்தார். கல் பாவிய தரை எப்போதும் நனைந்தே இருக்கும். நனைந்த கல் விளக்கொளியைத் திருப்பி அடிக்கும், இருட்டுக்கு ஆழம் வரும். ஒளிப்பதிவாளர் யூகன் ஷூஃப்டான். கண்ணாடியை வைத்து மாதிரி வடிவங்களையும் நிஜ நடிகர்களையும் ஒரே சட்டத்தில் இணைக்கும் தந்திரத்தைக் கண்டுபிடித்தவர். நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர். இருட்டைப் பற்றி அந்தக் குழுவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

அதே ஆண்டில் 'ஹோட்டல் து நோர்'. பாரிஸின் சேன் மார்த்தேன் கால்வாய்க் கரையில் உண்மையிலேயே இருந்த ஒரு மலிவு விலை விடுதி பற்றிய கதை. இருக்கும் இடத்திலேயே படம் பிடித்திருக்கலாம். ஆனால் படகு போகும், வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேரும், இரவுக் காட்சிக்குத் தெருவையே மறிக்க வேண்டும். ட்ரௌனர் பில்லான்கூரில் நிலத்தைத் தோண்டித் தண்ணீர் விட்டார். கால்வாய், அதன் மேல் வளைந்த இரும்புப் பாலம், கரையில் விடுதி முகப்பு எல்லாம் வந்துவிட்டன. வேடிக்கை என்னவென்றால், இன்றும் பாரிஸ் போகிறவர்கள் நிஜ விடுதியின் முன் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். 1989-ல் அந்த முகப்பு பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. மக்கள் மனதில் இருப்பதோ ட்ரௌனரின் பிளாஸ்டர்! நிஜம் தப்பித்ததற்குக் காரணம் பொய். அந்தப் பொய்யைப் படப்பிடிப்பு முடிந்ததும் பிரித்துப்போட்டார்கள்.

பெயர் போட முடியாத காலம்

1940-ல் ஜெர்மானியப் படை பாரிஸுக்குள் வந்தது. அந்த அக்டோபரிலேயே, ஜெர்மனியோடு ஒத்துப்போன பிரெஞ்சு அரசான விஷி அரசின் சட்டம் யூதர்களைச் சினிமாத் தொழிலிலிருந்து வெளியேற்றியது. ட்ரௌனர் தெற்கே தப்பிப் போனார். நீஸ் நகருக்குப் பின்னால் உள்ள மலைப்பக்கத்தில், தூரெத் சூர் லூ ஊர்ப்புறத்தில் மறைந்து வாழ்ந்தார். பிரெவேரும் அங்கே தங்கி எழுதினார். கோஸ்மாவுக்கும் ட்ரௌனரின் கதிதான்.

வேலை நின்றதா என்றால், இல்லை. 'தி டெவில்ஸ் என்வாய்ஸ்' (1942) படத்துக்கு நீஸின் விக்டோரின் ஸ்டூடியோவில் ஒரு கோட்டை எழுந்தது. 15-ம் நூற்றாண்டுக் கதை. கோட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. பாசி எங்கே, இடிபாடு எங்கே, கோட்டை என்றால் பழசாக இருக்க வேண்டாமா என்று பார்த்தவர்கள் முணுமுணுத்தார்கள். கதை நடக்கும் ஆண்டில் அந்தக் கோட்டை புதிதுதானே! ஐந்நூறு வருஷப் பாசி நம் கண்ணில் இருக்கிறது, கதையில் இல்லை. சரித்திரப் படம் எடுக்கிறோம் என்று எல்லாவற்றின் மேலும் தூசியை அப்புகிறவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் இந்த வெள்ளைச் சுவரை ஒரு தரம் பார்ப்பது நல்லது. திரையில் வேறொருவர் கையெழுத்துப் போட்ட சுவர் அது. விருந்துக் காட்சியில், பட்டினி கிடந்த துணை நடிகர்கள் தின்றுவிடக் கூடாதென்று பழங்களுக்குள் மருந்து ஏற்றி வைத்தார்கள் என்று சொல்வார்கள். காலம் அப்படி.

பிறகு வந்தது 'சில்ட்ரன் ஆஃப் பாரடைஸ்'. 19-ம் நூற்றாண்டு பாரிஸில் நாடகக் கொட்டகைகள் வரிசை கட்டி நின்ற பூல்வார் து தாம்ப்ள் என்ற வீதிதான் படத்தின் உயிர். நிஜ வீதியின் அந்தப் பகுதியை, நகரைச் சீரமைக்கிறோம் என்று 1862-லேயே இடித்துத் தள்ளிவிட்டார்கள். ட்ரௌனர் பழைய சித்திரங்களை வைத்துக்கொண்டு மறைவிடத்திலேயே வரைந்தார். விக்டோரின் ஸ்டூடியோவில் அதைக் கட்டிமுடித்துப் பெயரையும் கொடுத்தவர்கள் லியோன் பர்ஸாக்கும் ரேமோன் கபூத்தியும். தான் வரைந்த வீதியில் பகலில் நடந்து போகக்கூட அந்த மனிதருக்கு உரிமையில்லை.

வீதி கண்ணுக்கெட்டிய தூரம் போகிறது என்று தோன்றும். போவதில்லை. பின்னால் போகப் போக வீட்டு முகப்புகளின் அளவு சிறுத்துக்கொண்டே போகும்படி கட்டியிருந்தார்கள். ஓவியத்தில் தாளின் மேல் செய்வதை இங்கே மரத்திலும் பிளாஸ்டரிலும் செய்தார்கள். முன்னால் ஆயிரக்கணக்கில் ஜனம், கழைக்கூத்தாடிகள், குதிரை வண்டிகள். போர்க்காலத்தில் ஆணிக்கும் துணிக்கும்கூடப் பஞ்சம். படப்பிடிப்பு தொடங்கியது 1943 ஆகஸ்டில். இத்தாலி சரணடைந்ததும் எல்லாம் நின்றது. மறுபடி தொடங்குவதற்குள் காற்றும் மழையும் வீதியைச் சிதைத்துவிட, அதைச் செப்பனிட்டு எடுத்தார்கள். 1945 மார்ச் 9 அன்று, விடுதலையான பாரிஸில் படம் வெளியானது. ட்ரௌனர், கோஸ்மா பெயர்கள் திரையில் வந்தன, தலைமறைவாக இருந்து பங்களித்தவர்கள் என்ற குறிப்போடு. உலக சினிமாவில் இதைவிடக் கௌரவமான டைட்டில் கார்டு எனக்குத் தெரிந்து கிடையாது.

தோற்ற ரயில் நிலையம்

அடுத்த வருஷமே அடி விழுந்தது. 'கேட்ஸ் ஆஃப் தி நைட்' (1946) படத்துக்காக பாரிஸின் பார்பேஸ் மெட்ரோ நிலையத்தை, தூண் மேல் நிற்கும் அந்த ரயில் நிலையத்தை, ழுவேன்வில் ஸ்டூடியோவில் அப்படியே கட்டினார் ட்ரௌனர். ஊரே ரேஷனில் கிடந்த காலம். பாரிஸிலேயே நிஜ நிலையம் நிற்கும்போது இதற்கு ஏன் இத்தனை பணம் என்று பத்திரிகைகள் கேட்டன. படமும் ஓடவில்லை. கோஸ்மாவின் ஒரு மெட்டு மட்டும் உலகம் சுற்றியது.

அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பத்து வருஷம் கழித்து வந்த இளைஞர் கூட்டம் லேசான கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு நிஜத் தெருவுக்கே போனது. இவர்கள் செய்ததை 'அப்பா காலத்து சினிமா' என்று கேலியும் செய்தது. அவர்களும் நல்ல படங்கள் எடுத்தார்கள். ஆனால் தெருவுக்குப் போனவர்களுக்கு நிஜச் சுவர் கிடைத்தது என்பதை மறந்துவிடக் கூடாது. சாய்ந்துகொள்ள, மோதிக்கொள்ள, மறைந்து நிற்க ஏதோ ஒன்று இருந்தது. ஸ்டூடியோ சுவரா, தெருச் சுவரா என்பது அண்ணன் தம்பிச் சண்டை. இன்று வந்திருக்கும் ஆபத்து வேறு. அதற்கு வருகிறேன்.

பாரிஸில் மவுசு குறைந்தால் என்ன? ஆர்சன் வெல்ஸ் 'ஒதெல்லோ'வுக்காக ட்ரௌனரை மொராக்கோவுக்கு அழைத்துப் போனார். மொகதோரில் எல்லாம் தயார், உடைகள் மட்டும் வந்து சேரவில்லை. ஒரு கொலைக் காட்சியைக் குளியல் கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். துண்டு கட்டிக்கொண்டிருப்பவனுக்கு உடை எதற்கு? ஆவி சூழ, மரப்பலகைத் தளத்தின் இடுக்குகள் வழியே வாள் பாயும் அந்தக் காட்சிதான் படத்தில் எல்லோருக்கும் நினைவிருப்பது. 1952-ல் கான் விழாவின் பெரிய பரிசு அந்தப் படத்துக்குப் போனது.

31,259 பேர் வேலை பார்க்கும் ஆபீஸ்

பிறகு பில்லி வைல்டர் வந்தார். அவரும் நாஜிகளுக்குத் தப்பி ஓடியவர், பாரிஸில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு அமெரிக்கா போனவர். 'லவ் இன் தி ஆஃப்டர்நூன்' (1957) தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் ட்ரௌனர் அவருடைய ஆள். இந்தச் சகவாசத்தின் உச்சம் 'தி அபார்ட்மென்ட்' (1960).

நியூயார்க்கில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி. தலைமை அலுவலகத்தில் மட்டும் 31,259 பேர் வேலை செய்கிறார்கள் என்று கதாநாயகனே படத்தின் தொடக்கத்தில் சொல்கிறான். அந்த எண்ணைக் கண்ணுக்குக் காட்ட வேண்டும். ஸ்டூடியோவின் நீளமோ குறிப்பிட்ட அடிதான். ட்ரௌனர் என்ன செய்தார்? முதல் சில வரிசைகளில் சாதாரண மேஜைகள், அவற்றில் சாதாரண உயர மனிதர்கள். அதற்குப் பின்னால் கொஞ்சம் சிறிய மேஜைகள், குள்ளமான ஆட்கள். இன்னும் பின்னால் இன்னும் சிறிய மேஜைகள், அங்கே சிறுவர்களுக்குக் கோட் மாட்டி உட்கார வைத்தார்கள். கடைசியில் பொம்மை மேஜைகள், அட்டையில் வெட்டிய ஆட்கள். மேலே கூரையும் அதன் விளக்கு வரிசைகளும் அதே கணக்கில் ஒன்றை நோக்கி ஒடுங்கிக்கொண்டே போகும்.

தந்திரத்தைப் பாராட்டுவதோடு நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு அது போதாது. அந்தக் கூரையைப் பாருங்கள். எவ்வளவு தாழ்வாக இருக்கிறது! இடம் பரந்து கிடக்கிறது, ஆனால் மூச்சு முட்டுகிறது. 'டேபிரேக்'கில் ஒருவனைத் தனியாக்க உயரத்தைப் பயன்படுத்தியவர், இங்கே ஒருவனைக் கூட்டத்தில் தொலைக்க நீளத்தையும் தாழ்ந்த கூரையையும் பயன்படுத்தியிருக்கிறார். ஜாக் லெமன் அந்த மேஜை வரிசைக்கு நடுவே கழுத்தைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது வெறும் நடிப்பு மட்டும் இல்லை. எட்வர்ட் பாய்லுடன் சேர்ந்து ட்ரௌனருக்கு அந்த ஆண்டின் ஆஸ்கர் கிடைத்தது.

'ஒன், டூ, த்ரீ' எடுத்துக்கொண்டிருக்கும்போது 1961 ஆகஸ்டில் பெர்லினில் எல்லையை அடைத்துச் சுவர் எழுப்பினார்கள். பிராண்டன்பர்க் வாயிலருகே போக முடியவில்லை. ட்ரௌனர் மியூனிக் ஸ்டூடியோவில் அந்த வாயிலையே கட்டிவிட்டார். 1975-ல் ஜான் ஹூஸ்டனுக்காக, கிப்ளிங் கதையின் காஃபிரிஸ்தானை மொராக்கோ மலைகளில் காட்டினார். இதையெல்லாம் வேகமாகவே தாண்டிப் போகலாம். 1976-ல் வந்த 'மிஸ்டர் க்ளைன்' படத்தை மட்டும் அப்படித் தாண்ட முடியாது. ஆக்கிரமிப்புக் காலப் பாரிஸில் யூதர்களைப் பிடித்து ரயிலேற்றிய கதை அது. முப்பத்து நாலு வருஷத்துக்கு முன் அந்த ரயிலுக்குப் பயந்து மலையில் ஒளிந்திருந்தவர், எழுபது வயதில் அதே நகரத்தை மறுபடி கட்டிக் காட்டினார். அதற்கு செஸார் விருது கிடைத்தது. எண்பது வயதை நெருங்கும்போது லுக் பெஸோனின் 'சப்வே' (1985) படத்துக்காக மீண்டும் பாரிஸ் மெட்ரோவுக்குள் இறங்கி, இன்னொரு செஸாரோடு ஏறி வந்தார். 1946-ல் எந்த மெட்ரோவுக்காக அவரைத் திட்டினார்களோ, அதே மெட்ரோ!

இப்போது என்ன ஆகிறது?

இந்த மனிதரின் வேலையை வரிசையாகப் பார்த்தால் எனக்கு ஒரே ஒரு கவலைதான் மேலெழுகிறது. இன்று படப்பிடிப்புத் தளங்களில் சுவர் இல்லை. பச்சைத் துணி இருக்கிறது. கிரீன் மேட்டை நாலு பக்கமும் கட்டி, நடுவே நடிகரை நிறுத்தி, அரண்மனை வலது பக்கம் இருக்கிறது, அண்ணாந்து பாருங்கள் என்கிறார்கள். அவர் அண்ணாந்து பார்க்கிறார். எவ்வளவு உயரத்துக்கு? அது யாருக்கும் தெரியாது. எடிட்டிங் எல்லாம் முடிந்து சி.ஜி. வேலை நடக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அந்தப் பார்வை ஒரு மாதிரி கண்ணாடித்தனமாக இருப்பதை நாம் திரையில் தினமும் பார்க்கிறோம். சுவரில் கை வைத்தால் கை நிற்க வேண்டும், கதவை உதைத்தால் கால் வலிக்க வேண்டும். கபேனின் தோளில் தெரிந்த அந்த அலமாரியின் கனத்தைக் கணினியில் பின்னால் ஏற்ற முடியாது.

கணினிக் கலைஞர்கள் கோபித்துக்கொள்வார்கள். அவர்களுக்கும் கண்ணும் கையும் உண்டு, ட்ரௌனர் செய்ததும் கண்கட்டு வித்தைதானே என்பார்கள். சரிதான். ஆனால் நான் சொல்வது வித்தையைப் பற்றி இல்லை.

பிளாஸ்டரில் கட்டினால் ஒவ்வொரு மாடிக்கும் பணம். அதனாலேயே தயாரிப்பாளர் கேட்பார்: ஏன் ஐந்து? ஆர்ட் டைரக்டர் பதில் சொல்லியாக வேண்டும். பதில் சொல்லும்போது கதையின் உள்ளே போயாக வேண்டும். அவன் ஏன் அங்கே இருக்கிறான், யாரைப் பார்க்கிறான், யாரால் அவனைத் தொட முடியாது? இந்தச் சண்டை நடந்ததால்தான் அந்த வீடு அப்படி வந்தது. இன்றோ திரையில் ஒரு கோட்டையை ஐந்து மாடியிலிருந்து ஐம்பது மாடியாக்க யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டாம். ஒருவர் இன்னும் கொஞ்சம் பிரம்மாண்டமாக என்று சொன்னால் அது பிரம்மாண்டம் ஆகிவிடும். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு ஒரு வரி எழுதிப் போட்டால் நிமிஷத்தில் நாலு அரண்மனை வருகிறது. ஏன் இந்த உயரம் என்று கேட்க அங்கே ஆளே இல்லை. மரமும் பிளாஸ்டரும் மிச்சம், உண்மைதான். அவற்றோடு சேர்த்து அந்தக் கேள்வியையும் மிச்சம் பிடித்துவிட்டோம். திரையில் கோட்டைகள் வானத்தைத் தொடுகின்றன, ஒரு கோட்டையும் மனதில் நிற்பதில்லை.

எடுத்த எடுப்பில் முடிவு செய்வது என்ற பழக்கமே போய்விடும் என்பதுதான் என் பயம். சுவரை இங்கே வைத்தால் கேமரா அங்கே போக முடியாது. கூரை போட்டால் மேலிருந்து விளக்கு அடிக்க முடியாது. இந்தத் தடைகள்தான் இயக்குநரையும் ஒளிப்பதிவாளரையும் முன்கூட்டி யோசிக்க வைத்தன. நாலு சுவரையும் அடைத்த அறைக்குள் ஏணி வழியே இறங்கியவர்களுக்குப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்ற வசதி இருக்கவில்லை. தச்சர், மோல்டிங் ஆள், பெயின்டர், புதுச் சுவரில் ஈரக்கறையும் புகைக்கறையும் ஏற்றிப் பழசாக்கத் தெரிந்தவர் என்று ஒரு செட்டுக்குப் பின்னால் இருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகிப் போகின்றன. கைவேலை தெரிந்தவர் ஒரு தலைமுறை இல்லாமல் போனால், அடுத்த தலைமுறைக்கு அது பாடப் புத்தகத்தில் படமாகத்தான் கிடைக்கும்.

ட்ரௌனர் 1993 டிசம்பர் 5 அன்று, நார்மண்டியின் ஓமோன்வில் லா பெத்தீத் என்ற சிற்றூரில் காலமானார். பிரெவேரும் அவரும் ஒரே கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அவர் கட்டிய வீதிகளில் ஒன்றுகூட இன்றில்லை. அவர் கையால் வரைந்த செட் ஓவியங்கள் இருக்கின்றன, அவையே தனியாகக் கண்காட்சி வைக்கும் தரம். கிட்டத்தட்ட அறுபது வருஷம் வேலை செய்தும், முதலில் பென்சிலையும் தூரிகையையும் எடுக்காமல் அவர் ஒரு ஆணிகூட அடிக்கச் சொன்னதில்லை என்பதை அந்த ஓவியங்களைப் பார்த்தாலே ஊகிக்கலாம்.

சினிமா சொல்லிக்கொடுக்கும் கல்லூரிகளை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களுக்கு மென்பொருள் கற்றுக்கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் ஒரு பருவம் முழுக்க அவர்களைத் தச்சுப் பட்டறையில் உட்கார வையுங்கள். ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஆறு படிக்கட்டு, நாலு சுவர் உள்ள ஒரு அறையை அவர்கள் கையாலேயே கட்டட்டும். அந்த அறைக்குள் ஒரு நடிகரை விட்டு ஒரு காட்சி எடுக்கட்டும். ஒவ்வொரு சுவரும் ஏன் அங்கே நிற்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடிந்தவருக்கு மட்டும் கணினியைத் திறந்துவிடுங்கள்.